சூசையப்பரைத் தேடி யாரும் வரவில்லை

நல்ல வெள்ளைத் தாடி கிடைப்பது லேசில்லை, ஃபாதர். இந்த ஊரில் எந்தக் கலரில் நூல் கேட்டாலும் சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். தாடி அப்படியில்லை. அது தன் வேகத்தில்தான் வளரும்.

பங்குப் பேரவைக்கு ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். பக்கத்தின் நீளத்தைச் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் துணி வெட்டும் மேஜைக்கு விரிக்கிற தாள் சுருள் சுருளாக இருக்கிறது. அதில்தான் எழுதுகிறேன். ஆகவே இது ஒரே பக்கம்.

நீங்கள் இந்தப் பங்குக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் பெயர் ராஜபாண்டி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து பதினாறு வருஷம் ஆகிறது. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். நாள் முழுக்கத் துணியில் ஓட்டை தேடுவது என் தொழில். மனிதர்களிடம் நான் ஓட்டை தேடுவதில்லை. அது ஓவர்டைம்.

ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை, பதினொரு மணிப் பூசை முடிந்ததும், நம் கோயில் மண்டபத்தில் சூசையப்பர் பந்தி நடக்கும். ஏழைகளில் வயதான ஒருவர் சூசையப்பர், ஒரு பெண்மணி மாதா, ஒரு குழந்தை பாலன் இயேசு. மூவரையும் பெஞ்சில் உட்கார வைத்து, மாலை போட்டு, கைக்குத் தண்ணீர் ஊற்றித் துண்டால் துடைத்து, முதல் இலையை அவர்களுக்குப் போடுவோம். சூசையப்பர் முதல் வாய் வைத்த பிறகுதான் மற்ற அறுபது ஏழைகளும் சோற்றில் கை வைக்கலாம். அந்தத் தண்ணீரை ஊற்றுகிறவர் பந்திக் குழுவின் செயலாளர். செயலாளர் நான்.

பாலன் இயேசு மாதாமாதம் மாறுவார். பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மாதா ஆறு வருஷமாக மயிலாள் அம்மாதான். பூ விற்கிறவர். வெற்றிலை போடுவதையும் வாய் ஓயாமல் பேசுவதையும் தவிர மாதாவிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சூசையப்பர்தான் அமையவில்லை. ஒருவர் தலைக்கு டை அடித்துக்கொண்டு வந்தார். இன்னொருவர் முதல் வாய் வைக்கும் நேரத்தில் போன் வந்து பேச ஆரம்பித்துவிட்டார். அறுபது பேர் இலை முன்னால் இருபது நிமிடம் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் ஆடை கட்டிவிட்டது. மூன்றாமவர் உருக்கமாக, கண்ணீர் மல்கச் சாப்பிடுவார். தாராபுரம் ரோட்டில் அவருக்கு மாடி வீடு இருப்பது பிறகு தெரிந்தது. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருந்தார், நம் பங்கு ஆள் ஒருவருக்கே.

அழகுமலை அய்யாவைப் போன நவம்பரில் கண்டுபிடித்தேன். பனியன் வெட்டிய மிச்சத் துணியை வாங்கி, கலர் வாரியாகப் பிரித்து, வெள்ளகோவில் பக்கத்து நூல் மில்களுக்கு ஏற்றி அனுப்புகிறவர் சலாவுதீன் பாய். அவருடைய குடோன் வாசலில் அய்யா உட்கார்ந்து துண்டுத்துணி பிரித்துக்கொண்டிருந்தார். ஆறடி உயரம். எழுபது வயதில் கோணாத முதுகு. பத்து நாள் தாடி, அதில் கறுப்பு என்று பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. யாரையோ எதிர்பார்க்கிற கண். நான் செக்கிங்கில் இருக்கிறவன், ஃபாதர். பீஸைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும்.

"உங்களுக்குன்னு யாரும் இல்லையா அய்யா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க தம்பி. தேடிட்டு வருவாங்க."

"சரி, அவங்க வர்ற வரைக்கும் எங்க பந்தியில சாப்பிடுங்க."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். வருகிற வரைக்கும் என்றுதான் சொன்னேன்.

முதல் புதன்கிழமை அவர் ஒரு வாய் எடுத்து, நிதானமாக மென்று, விழுங்கி, "உப்புச் சரியா இருக்குதுங்க" என்றார். மண்டபமே பெருமூச்சு விட்டது. சமையல்காரர் அடுத்த நாள் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். அய்யா தச்சரா என்று யாரோ கேட்டார்கள். இல்லை, விசைத்தறி ஓட்டியவர். அதைத் தவிர எல்லாம் பொருத்தம்.

தாடி வளர வளரப் பந்தியும் வளர்ந்தது. பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் பந்தி போட ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தாய்மார் கைக்குழந்தையைத் தூக்கிவந்து அவர் முன்னால் நீட்டுவார்கள். அவர் ஜெபமெல்லாம் சொல்லமாட்டார். தலையில் கை வைத்து, "நல்லா இரு கண்ணு" என்பார். அவர் இந்து. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்துப் பங்குக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அவரை இரவல் கேட்டார்கள். கொடுக்கவில்லை. பூசையில் அறிவிப்பு வாசிக்கும்போது என் பெயரையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தார்கள். நான் கேட்டதில்லை. தாளில் எழுதி மட்டும் கொடுத்தேன்.

மூன்றாவது மாதம், கைக்குத் தண்ணீர் ஊற்றும்போது தன் கதையைச் சொன்னார். வெள்ளகோவிலில் சொந்த வீடு. மனைவி இல்லை. ஒரே மகள் அன்புசெல்வி, நாலு தறி வைத்து ஓட்டுகிறாள். ஒரு நாள் அரிசிம்பருப்புச் சாதத்தில் உப்புப் பத்தவில்லை என்று சொல்லியிருக்கிறார். மறுநாளும் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள், தறிச் சத்தத்தில் தலைவலியோடு இருந்தவள், "பத்தலீன்னா வேற ஊடு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் எழுந்து, கை கழுவி, செல்போனைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டு, திருப்பூர் பஸ் ஏறிவிட்டார்.

"போன்னு சொன்னவ வான்னு சொல்லோணுமில்லீங் தம்பி? அவளா தேடிட்டு வந்து கூப்புடோணும். அதுவரைக்கும் வெள்ளகோயில் பஸ்ஸு நிக்கிற பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன்."

ஒவ்வொரு முதல் புதன்கிழமையும் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே ஒரே கேள்வியைக் கேட்பார். "யாராச்சும் என்னயத் தேடிட்டு வந்தாங்களாங் தம்பி?"

"இல்லீங்கய்யா" என்பேன்.

பிப்ரவரி வரைக்கும் அது உண்மை.

மார்ச் முதல் வாரம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளகோவில் பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். காணவில்லை. பெயர் அழகுமலை. வயது எழுபது. போட்டோவில் மழுமழுவென்று சவரம் செய்த முகம். சத்தியமாகச் சொல்கிறேன், முகத்தை வைத்து எனக்கு அடையாளமே தெரியவில்லை. கடைசி வரியை வைத்துத்தான் தெரிந்தது. "அப்பா, உப்புச் சரியாப் போடறேன். ஊட்டுக்கு வாங்க. அன்புசெல்வி." கீழே போன் நம்பர்.

நான் அதைக் கிழித்தேன் என்று பேரவையில் சொல்லியிருக்கிறார்கள். கிழிக்கவில்லை. அது கோணலாக ஒட்டியிருந்தது. நேராக ஒட்டலாம் என்று எடுத்தேன். கையில் பசை இல்லை.

அய்யாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள். ஆயர் வருகிறார். பதின்மூன்று நாளில் இன்னொரு தாடிக்கு நான் எங்கே போவது? திருநாள் முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆயர் அவர் முன்னால் குனிந்து கும்பிட்டார். போட்டோ மறைமாவட்டப் பத்திரிகையில் வந்தது. தண்ணீர்ச் செம்போடு நிற்கிற கை என்னுடையது. அதற்குப் பிறகு பார்த்தால் மே ஒன்று, தொழிலாளர் சூசையப்பர். பனியன் ஊரில் தொழிலாளர் சூசையப்பரை விட்டுவிட முடியுமா? அதுவும் முடிந்தது. ஒரு மாதம் விட்டுப் போனதைச் சொல்வது சுலபம், ஃபாதர். மூன்று மாதம் விட்டுப் போனதைச் சொல்ல ஆரம்பித்தால், ஏன் மூன்று மாதம் என்று கேட்பார்கள். அந்தச் சங்கடத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இதற்கு நடுவில் சில சில்லறை இடைஞ்சல்கள். ஏப்ரலில் ஒரு காலேஜிலிருந்து பையன்கள் கத்திரி, ரேசரோடு வந்தார்கள். ஏழைகளுக்கு இலவச முடிவெட்டு, சவரம். அய்யா ஆசையாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பையன் சோப்பு நுரையோடு நெருங்கிவிட்டான். நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

"தாடியத் தொடாதீங்கப்பா. வேளாங்கண்ணிக்கு நேர்ந்தது."

"நானெங்கீங் தம்பி நேர்ந்தேன்?" என்றார் அய்யா.

"உங்களுக்காக நான் நேர்ந்துகிட்டேன்."

"எதுக்குங்?"

"உங்க மக உங்களைத் தேடி வரணும்னு."

அவர் கண் கலங்கிவிட்டது. எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மயிலாள் அம்மா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஏனுங் தம்பி, தாடி அவுருது, வேண்டுதல் உம்முடுது. மொட்டை ஆரு போடறது?" என்று கேட்டார். மாதாவோடு வாதம் செய்வது முறையல்ல.

சலாவுதீன் பாயும் ஒருமுறை, "பெரியவருக்கு வெள்ளகோவில்னு சொல்றாரே. நம்ம லோடு வண்டி வாரம் ரெண்டு தடவ அங்கதான் போவுது. ஏத்தி விட்டா வீட்டு வாசல்ல எறக்கிட்டு வந்துரும்" என்றார். "அங்க அவருக்குப் பிரச்சினை இருக்கு பாய். எங்க சபை பாத்துக்குது" என்றேன். பாய் நல்ல மனுஷர். சபை என்று சொன்னால் மேற்கொண்டு கேட்கமாட்டார்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, மண்டபத்தில் நான் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தபோது அன்புசெல்வியே வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். சேலையெல்லாம் தறிப் பஞ்சு. திங்கட்கிழமை அவளுக்குத் தறி லீவாம்.

"ஏனுங்ணா, இவரப் பாத்திருக்கீங்களா? எங்கப்பனுங்க. சோறு போடற எடமாப் பாத்துப் பாத்துக் கேட்டுட்டு வர்றனுங்க. பசி தாங்கமாட்டாரு." அதே மழுமழு போட்டோவை நீட்டினாள்.

நான் ஒரு நிமிடம் முழுதாகப் பார்த்தேன். பிறகு, "இப்படி முகம் மழிச்ச பெரியவர் யாரும் எங்க பந்திக்கு வர்றதில்லம்மா" என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அன்றைக்குத் தாடி நெஞ்சைத் தொட்டிருந்தது.

"இப்பத் தாடி கீடி வளந்திருக்குமாட்ட இருக்குதுங்ணா."

"தாடி வச்சவங்க ஊருக்குள்ள ஏகப்பட்ட பேர்ம்மா. தாடிய வச்சு ஆளக் கண்டுபிடிக்க முடியுமா?" இதுவும் உண்மை.

அவள் அழுதாள். உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு பன் கொடுத்தேன். "ஒரு வார்த்தைங்ணா. ஒரே வார்த்தை சொல்லிப்போட்டேன். அதுக்கு ஏழெட்டு மாசமா ஊடே காணாத மாதிரி இருக்குதுங்க" என்றாள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். எனக்கு அது நன்றாக வரும். முதல் புதன்கிழமை வந்து கூட்டத்தில் பார்க்கட்டுமா என்று கேட்டாள். "புதன்கிழமை கூட்டத்துல யாரையும் பாக்க முடியாதும்மா. நீங்க திங்கட்கிழமையே வாங்க" என்றேன்.

அவள் வந்தாள். அதோடு சேர்த்துப் பதினாறு திங்கட்கிழமை வந்தாள். பதினாறு தடவையும் டீ கொடுத்தேன். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. பேரவையில் யாராவது ஒருவர் ஒரு மனுஷியை இத்தனை பொறுமையாகக் கவனித்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அவளுக்காக ஜெபமும் செய்தேன். ஜூலை மாதப் பந்திப் பூசையில் மன்றாட்டு எழுதுவது என் முறை. "காணாமற்போன தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளிடம் திரும்பிச் சேர வேண்டுமென்று" என்று ஒன்றைச் சேர்த்தேன். நானே வாசித்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அழகுமலை அய்யா, மற்றவர்களோடு சேர்ந்து, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது அவர்தான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என்னால் முடிந்ததைச் செய்தாயிற்று, இனிமேல் கடவுள் பாடு என்று நினைத்தேன்.

அன்றும் கைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கேட்டார். "யாராச்சும் வந்தாங்களாங் தம்பி?"

"இல்லீங்கய்யா. ஜெபம் பண்ணியிருக்கோம்ல."

அந்த நோட்டீஸை நான் குப்பையில் போடவில்லை. ஒரு தகப்பனின் படம், அதைப் போய் எப்படிப் போடுவது? திருக்குடும்பம் உட்காருகிற பெஞ்சு ஆடிக்கொண்டிருந்தது. எட்டாக மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்தேன். பிறகு பெஞ்சு ஆடவில்லை.

இந்த அக்டோபர் முதல் புதன்கிழமை நடந்ததை நீங்களே நேரில் பார்த்தீர்கள். இருந்தாலும் நீங்கள் பந்தியின் மறுகோடியில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்ததால் சொல்கிறேன். இலை போட்டாயிற்று. அய்யா இன்னும் வாய் வைக்கவில்லை. மயிலாள் அம்மாவின் சுருக்குப்பை கீழே விழுந்தது. குனிந்தவர், பையோடு காகிதத்தையும் இழுத்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மடிப்பைப் பிரித்துப் படத்தைப் பார்த்தார். அய்யாவைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"அட, இதென்ன கூத்து? சூசையப்பரு தாடிய எடுத்துப்போட்டு நிக்கறாரு?"

அய்யா வாங்கிப் படித்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், அதனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. பெயர். வயது. உயரம். நோட்டீஸ் அடித்த தேதி. "மார்ச் மாசங்களா இது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கடைசி வரிக்கு வந்தபோது உதடு மட்டும் அசைந்தது.

நான் மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போகலாம் என்று பார்த்தேன்.

"தம்பி, போனு குடுங்" என்றார்.

கொடுத்தேன். என் சொந்தப் போன். தயங்கினேன் என்று புகாரில் எழுதியிருந்தால் அது தவறு. நோட்டீஸைப் பார்த்து ஒவ்வொரு நம்பராக அழுத்தினார். பத்தாவது நம்பரை அழுத்தியதும் திரையில் பெயர் வந்தது. அதையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்.

"அன்புசெல்வி. திங்கட்கிழமை. டீ, சர்க்கரை கம்மி."

நான் எதையும் முறையாகக் குறித்துவைக்கிறவன், ஃபாதர். அந்தப் பழக்கம் தொழிலில் வந்தது.

மறுமுனையில் எடுத்துவிட்டாள். "கண்ணு, அப்பன் பேசறேன்" என்றார். பிறகு ரொம்ப நேரம் "ம்" மட்டும்தான். கடைசியாக, "வா, இங்கதான் இருக்கறேன், கோயில்ல. நீ வந்து கூப்புடு, வாரேன்" என்றார். போனைத் துண்டில் துடைத்து என்னிடம் கொடுத்தார். அறுபது பேரும் இலை முன்னால் கையை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். "பாவம், பசியோட இருக்காங்க" என்று சொல்லி, ஒரு வாய் எடுத்து வைத்தார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மயிலாள் அம்மா தன் மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். "இதைய வெச்சுக்குங். உம்மயத் தேடிட்டு ஆராச்சும் வந்தா, நானும் இல்லீன்னே சொல்றேன்" என்றார். மாதா அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

ஒன்றரை மணி நேரத்தில் அன்புசெல்வி வந்துவிட்டாள். சலாவுதீன் பாயின் வண்டி வெள்ளகோவிலில் லோடு இறக்கிவிட்டு நின்றிருந்ததாம், அதிலேயே ஏறி வந்துவிட்டாள். தாடியைப் பார்த்து ஒரு நொடி திகைத்தாள். அவ்வளவுதான், ஒரு நொடிதான். தாடியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அதை ஒப்புக்கொள்கிறேன். "வாங்கப்பா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். அவர் எழுந்தார்.

போகும்போது என் முன்னால் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கிற ஆளில்லை.

"மாசா மாசம் கேட்டனே தம்பி. நெசத்தைச் சொல்லாட்டிப் போவுது. பொய்யாவாச்சும் ஒருக்கா 'வந்தாங்க'ன்னு சொல்லியிருக்கலாமில்லீங்?"

யோசித்துப் பார்த்தேன். அப்படியொரு பொய் எனக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்கிற பழக்கம் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்டபச் சாவியை இந்தத் தாளோடு சுற்றி அனுப்புகிறேன். என்ன தவறு செய்தேன் என்று தெளிவாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். எழுதுகிறேன். மார்ச் முதல் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் புதன் வரை, அழகுமலை என்பவரை அவர் மகள் தேடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவர் அவளுக்காகக் காத்திருக்கிறார் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். அவரிடம் இல்லை என்றேன், அவளிடமும் இல்லை என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் ஒன்றைப் பேரவை மறந்துவிடக் கூடாது. இந்தப் பெரிய ஊரில் யாருமில்லாத அந்த மனிதருக்கு நான் ஒருவன் இருந்தேன். அவருக்கு யாரும் இல்லாமல் போகும்படி பார்த்துக்கொண்டதும் நான்தான். இரண்டு வேலையையும் ஏழு மாதம் தனியாளாகச் செய்தேன், ஃபாதர். குழுவில் பதினொரு பேர் இருக்கிறோம். ஒருவர்கூட ஒத்தாசைக்கு வரவில்லை.